போன பந்தைப் பார்க்காதவர்

முதல் ஒரு வாரம் அவரை நான் குடிகாரர் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். தப்பு அவர்மேல் இல்லை. கோவில்பட்டியில் பிறந்து வளர்ந்த ஒருத்தியிடம், "பக்கத்து வீட்டுப் பெரியவர் குவார்ட்டர் பேக்காம்" என்று சொல்லிவிட்டுப் புருஷன் ஆபீசுக்கு ஓடினால் அவள் வேறு என்ன நினைப்பாள்? ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். காலை ஒன்பது மணிக்கு அந்த மனிதர் தன் வீட்டுப் புல்தரையில் வலது காலை மட்டும் வீசுவதும் நிற்பதும் மறுபடி வீசுவதுமாக இருந்தார். போச்சுடா, விடிந்ததும் ஒரு குவார்ட்டர் உள்ளே போயிருக்கிறது என்று முடிவுகட்டி வாசல் கதவைத் தாழ்போட்டேன்.

தொண்ணூறுகளின் நடுவில் நாங்கள் டெக்சாஸில் பேர்லேண்டுக்குக் குடிபோன புதிது அது. என் வீட்டுக்காரருக்கு ஹூஸ்டனில் சாஃப்ட்வேர் வேலை. எனக்கு டிபெண்டென்ட் விசா. வேலைக்குப் போகக் கூடாது, கார் ஓட்டத் தெரியாது, நடந்து போய்ச் சேர ஒரு பெட்டிக்கடைகூடக் கிடையாது. கொத்தமல்லி ஒரு கட்டு வேண்டுமென்றாலும் சனிக்கிழமை வரை காத்திருக்க வேண்டும். அப்படி அடைந்து கிடந்தவளுக்குப் பக்கத்து வீட்டைப் பார்ப்பதை விட்டால் வேறு என்ன வேலை?

சனிக்கிழமை கடைக்குப் போகும் வழியில்தான் என் வீட்டுக்காரர் விஷயத்தை விளக்கினார். நான் ஒரு வாரமாகக் கதவைத் தாழ்போட்டிருந்த காரணத்தைச் சொன்னதும் காரை ஓரமாக நிறுத்திவிட்டு ஐந்து நிமிடம் சிரித்தார். அமெரிக்கக்காரர்கள் பந்தைக் கையில் கட்டிக்கொண்டு ஓடுகிற ஒரு ஆட்டத்துக்கு ஃபுட்பால் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அதில் பந்தை யாரிடம் எறிவது என்று முடிவுசெய்து எறிகிறவர் குவார்ட்டர்பேக். எப்போதாவது காலுக்கும் ஒரு வேலை வரும். இரண்டு கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைத்து அனுப்ப வேண்டும். அதைச் செய்கிறவர் கிக்கர். இப்போதெல்லாம் இரண்டுக்கும் தனித்தனி ஆள் வைக்கிறார்களாம். பக்கத்து வீட்டுப் பெரியவர் இரண்டையும் ஒருத்தராகவே பார்த்தவர். அதுவும் இருபது வருடத்துக்கு மேல். ஒரு டீம் வயதாகிவிட்டது என்று அனுப்பும், இன்னொரு டீம் கூப்பிட்டுக்கொள்ளும். ஒரு ஊரில் விருந்து வைத்து, கடிகாரம் கொடுத்து, கண்கலங்கி வழியனுப்பி வைத்தார்களாம். அடுத்த வருடமே வேறு ஊர்ச் சட்டையில் வந்து, அந்தக் கடிகாரத்தையும் கட்டிக்கொண்டு, அவர்களையே தோற்கடித்துவிட்டுப் போனாராம்.

குடிகாரர் என்று நினைத்த பாவத்துக்குப் பரிகாரமாக வடை சுட்டு எடுத்துக்கொண்டு போனேன். வேலிக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தார். நல்ல உயரம், எழுபதுக்குப் பக்கத்தில் வயது. பேசுகிறவரை நேராகப் பார்க்காமல் முகத்தை ஒருக்களித்து வைத்துக்கொண்டு பேசினார். பழைய பெரிய மனிதர், மிதப்பு இருக்கத்தானே செய்யும் என்று விட்டுவிட்டேன். அவர் பேசியது டெக்சாஸ் இங்கிலீஷ். இங்கே அதை என் தமிழில்தான் சொல்ல வருகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

"இது என்ன?" என்று கேட்டார்.

"வடை, அங்கிள்."

"வடை" என்று திருப்பிச் சொன்னார். தட்டைப் பார்க்கவே இல்லை. கடித்துவிட்டு இன்னொரு முறை "வடை" என்றார், பாடம் படிக்கிற மாதிரி.

என் வாய் சும்மா இருக்குமா? குவார்ட்டர் கதையையும் சொல்லிவிட்டேன். பிறகு, "எங்க பாஷையில குவார்ட்டருக்கும் கால்னுதான் சொல்வோம், இதுக்கும் கால்னுதான் சொல்வோம்" என்று என் காலைத் தொட்டுக் காட்டினேன். அவர் வடையைக் கீழே வைத்துவிட்டார்.

"ரெண்டுக்கும் ஒரே வார்த்தையா?"

"ஒரே வார்த்தைதான்."

"அப்போ நான் செஞ்ச ரெண்டு வேலையும் ஒரே வேலைதான்னு உங்க ஆளுங்களுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கு. எங்க கோச்சுகளுக்குத்தான் அது கடைசி வரைக்கும் புரியலை" என்று சொல்லி, வேலியைத் தட்டித் தட்டிச் சிரித்தார். அன்றிலிருந்து எனக்கு அவரை மிகவும் பிடித்துப்போனது.

பழகப் பழக ஒரு வினோதம் கண்ணில் பட்டது. எதைச் செய்தாலும் அது என்ன ஆயிற்று என்று அவர் பார்க்க மாட்டார். குப்பைப் பையைத் தொட்டிக்குள் எறிவார், திரும்பி நடப்பார், நடந்துகொண்டே என்னிடம், "குட்?" என்பார். விழுந்ததா என்று நான் பார்த்துச் சொல்ல வேண்டும். தபால்பெட்டியில் வந்த கவர்களை என் கையில் கொடுத்து, "இதுல குட் எதாவது இருக்கா?" என்பார். தேர்தலில் ஓட்டுப் போட்டுவிட்டு வந்து தூங்கிவிட்டு, மறுநாள் காலை வேலிக்கு வந்து ஜனாதிபதி யார் என்று ஓட்டே இல்லாத என்னிடம் கேட்ட ஆளை நான் வேறெங்கும் கண்டதில்லை.

ஒரு நாள் கேட்டே விட்டேன். "அதெப்படி அங்கிள், பார்க்கணும்னு மனசு அடிச்சுக்காதா?"

"உதைக்கிறப்போ தலையைத் தூக்கினா பந்து கோணிக்கும். கண்ணு தரையிலேயே இருக்கணும். எனக்கு முன்னாடி ஒருத்தன் முட்டி போட்டுப் பந்தைப் பிடிச்சுக்கிட்டிருப்பான், ஹோல்டர். அவன்தான் நிமிர்ந்து பார்ப்பான். நான் அவன்கிட்ட கேட்பேன், குட்டான்னு. இத்தனை வருஷத்துல நான் உதைச்ச ஒரு பந்துகூடப் போறதை நான் பார்த்ததில்லை."

"சும்மா அளக்காதீங்க" என்றேன். தமிழில்தான் சொன்னேன், ஆனாலும் புரிந்துகொண்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூட மைதானத்துக்கு என்னையும் என் வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு போனார். முனை சப்பையாக வெட்டின, செங்கல் மாதிரி ஒரு பழைய பூட்ஸ் வலது காலுக்கு மட்டும். அதைப் போடுகிறபோது பார்த்தேன், கட்டைவிரலில் நகமே இல்லை. என் வீட்டுக்காரர் கேமராவைத் தூக்கிக்கொண்டு தள்ளிப் போய்விட்டார், பந்தைப் பிடிக்கிற வேலை என் தலையில் விழுந்தது. நான் சுடிதாரோடு முட்டி போட்டு, பந்தின் உச்சியில் ஒரு விரலை வைத்துக்கொண்டு, முருகா முருகா என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"கண்ணைத் திற. நீயும் மூடிக்கிட்டா யாரு பார்க்கிறது?" என்று அதட்டினார்.

திறந்தேன். டப்பென்று ஒரு சத்தம், என் விரலில் காற்று பட்டது, அவ்வளவுதான். பந்து உயரமாகப் போய்க் கம்பத்துக்கு வெளிப்பக்கமாக இறங்கியது. அவர் குனிந்த தலையோடு நின்று, "குட்?" என்றார்.

பெரிய மனிதர், வயதானவர். பாவமாக இருந்தது. "குட், அங்கிள்" என்றேன்.

தலையைத் தூக்காமலே சிரித்தார். "ஒரு முழம் வெளியில போயிருக்கும். கால்ல தெரியுது. ஹோல்டர் பொய் சொன்னா கிக்கர் அடுத்ததையும் அப்படியேதான் உதைப்பான். இன்னொரு தடவை வை." இரண்டாவது பந்து நடுவில் போனது. உண்மையாகவே போனது. நான் கத்தின கத்தலில் என் வீட்டுக்காரர் கேமராவைக் கீழே போட்டார்.

அவருக்குப் பிள்ளைகள் இல்லை. மனைவி பக்கவாதம் வந்து, பதினைந்து மைல் தள்ளி ஒரு நர்சிங் ஹோமில் இருந்தார். அந்த அம்மாளுக்குப் பேச்சு நின்றுவிட்டது. அதைவிடப் பெரிய தொல்லை, வேறு யார் ஊட்டினாலும் வாயைத் திறக்க மாட்டார். நர்சுகள் கெஞ்சிப் பார்த்தார்கள், குழாய் வைத்துவிடுவோம் என்று மிரட்டியும் பார்த்தார்கள். உதடு அப்படியே இறுகிக் கிடக்கும். பெரியவர் ஸ்பூனை எடுத்தால் மட்டும் குருவிக்குஞ்சு மாதிரி திறக்கும். அதனால் தினமும் பன்னிரண்டு மணிக்கு அவர் அங்கே இருந்தாக வேண்டும். பேர்லேண்டில் பஸ்ஸும் கிடையாது, ஒன்றும் கிடையாது. கார் இல்லாவிட்டால் அந்த அம்மாள் பட்டினிதான்.

ஒரு நாள், "நீயும் கூட வாயேன். வரும்போது நீ ஓட்டு, பிராக்டிஸ் ஆகும்" என்றார். எனக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி இருந்தது. அதற்குள் நான் வீட்டுக்காரரிடம் ஓட்டப் பழகி, ரோடு டெஸ்டில் இரண்டு முறை தோற்றிருந்தேன். ஓட்டுவதில் குறை இல்லை. பக்கத்தில் ஆபீசர் உட்கார்ந்து "லெஃப்ட்" என்று அதட்டினால் பயத்தில் எனக்கு எது லெஃப்ட் என்று மறந்துபோகும். சோத்தாங்கை, பீச்சாங்கை என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்துத் திரும்புவதற்குள் திருப்பம் போய்விடும். இதைச் சொன்னபோது பெரியவருக்குக் குஷி பிறந்துவிட்டது. எதிராளிக்குப் புரியாத வார்த்தையில் கட்டளை கொடுப்பதுதானே அவர் பிழைப்பு! வலது பக்கத்துக்கு "சோத்து" என்றும் இடது பக்கத்துக்கு "பீச்" என்றும் கூவ ஆரம்பித்தார். நானும் ஒரு தப்பில்லாமல் திரும்பினேன்.

"அந்த ரெண்டாவது வார்த்தைக்கு அர்த்தம் சொல்லிட்டியா அவருக்கு?" என்று என் வீட்டுக்காரர் கவலையோடு கேட்டார்.

"கடற்கரைன்னு நினைச்சுக்கிட்டிருக்கார். இருந்துட்டுப் போகட்டும்" என்றேன்.

போகும்போது அவர் ஓட்டுவார். ஒவ்வொரு சிக்னலிலும் "கலர் என்ன?" என்று கேட்பார். எனக்குப் பாடம் நடத்துகிறார் என்று நினைத்து, "ரெட் அங்கிள், கிரீன் அங்கிள்" என்று பள்ளிப்பிள்ளை மாதிரி ஒப்பித்தேன். மூன்று மாதம் ஒப்பித்தேன். அறிவுகெட்டவள், ஒரு நாளாவது யோசிக்கவில்லை.

யோசிக்க வைத்தது ஒரு செவ்வாய்க்கிழமை. பள்ளிக்கூடத்துக்கு முன்னால், பிள்ளைகள் கடப்பதற்காக வண்டிகளை நிறுத்துகிற ஒரு அம்மாள் ஸ்டாப் பலகையைத் தூக்கிக்கொண்டு ரோட்டின் நடுவில் நின்றிருந்தார். சிக்னல் இல்லாத இடம். அதனால் இவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. வண்டி வேகம் குறையாமல் போகிறது. "அய்யய்யோ, நிறுத்துங்க, நிறுத்துங்க!" என்று தமிழில் அலறி அவர் கையைப் பிடித்து இழுத்தேன். பிரேக் போட்டார். அந்த அம்மாள் பலகையைப் போட்டுவிட்டுப் புல்லில் போய் விழுந்தார். அடி ஒன்றும் இல்லை. எழுந்து வந்து எங்களைத் திட்டிய திட்டு இன்னும் என் காதில் இருக்கிறது. பெரியவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி முன்னால் வெறித்துக்கொண்டிருந்தார்.

"அங்க ஆள் இருந்தாங்களா?" என்றார்.

அப்போதுதான் எல்லாம் விளங்கியது. தட்டைப் பார்க்காமல் இது என்ன என்று கேட்டது, முகத்தை ஒருக்களித்தது, கவர்களை என்னிடம் கொடுத்தது. கண்ணின் நடுப்பகுதி போய்விட்டதாம், ஓரத்தில் மட்டும் தெரிகிறதாம். டாக்டர் ஒரு வருடம் முன்பே சொல்லிவிட்டாராம். என்னைப் பிராக்டிஸுக்கு என்று கூட்டிப் போகவில்லை, தனக்குக் கண்ணாகக் கூட்டிப் போயிருக்கிறார். எனக்குக் கோபம் வந்தது. அழுகையும் வந்தது. அங்கிருந்து நர்சிங் ஹோமுக்கும், பிறகு வீட்டுக்கும் நான்தான் ஓட்டினேன்.

அதன்பின் போகும்போதும் வரும்போதும் நானே ஓட்டினேன். என்னிடம் இருந்தது லேர்னர் பெர்மிட். பக்கத்தில் லைசென்ஸ் உள்ளவர் உட்கார்ந்திருந்தால்தான் அது செல்லும். அவர் லைசென்ஸ் புதுப்பிக்க வேண்டிய மாதம் அது. கண் டெஸ்ட் உண்டு. வேலிக்கு வந்து திட்டத்தைச் சொன்னார். என் மூன்றாவது ரோடு டெஸ்ட் இருக்கிற அன்றே அவரும் வருவார். ரோடு டெஸ்டுக்கு முன்னால் என் கண்ணையும் அதே மிஷினில் பார்ப்பார்கள். நான் முதலில் எழுத்துகளைப் படித்து மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் வரிசையில் நிற்கிற அவரிடம் அதைச் சொல்ல வேண்டும்.

"கவுண்ட்டர்ல இருக்கறவங்களுக்குக் கேட்குமே அங்கிள்!"

"அதுக்குத்தான் உன் சமையல் இருக்கே. டி-க்கு தோசை. வி-க்கு வடை. ஆர்-க்கு ரசம். கே-க்கு கேசரி. என்-க்கு நெய். சி-க்கு சட்னி. இத்தனை மாசமா நீ கொடுத்ததை எல்லாம் நான் வெறுமனே தின்னேன்னு நினைச்சியா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அதுதான் நான் செய்த தப்பு. சிரித்ததைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். "லைசென்ஸ் கையில இருந்தாப் போதும். நீ வராத நாள்ல மெதுவா நானே போய்க்குவேன்" என்றார்.

அன்று இரவுச் சாப்பாட்டில் வீட்டுக்காரரிடம் சொன்னேன். சோற்றைப் பிசைந்த கை அப்படியே நின்றது. "ஏய், நமக்கு கிரீன் கார்டு பெண்டிங்ல இருக்கு. கவர்ன்மெண்ட் ஆபீஸ்ல போய் சீட் பண்ணி மாட்டினா ஃபைலையே குளோஸ் பண்ணிடுவாங்க. தலைவலின்னு சொல்லிட்டுப் படுத்துக்கோ."

"உங்களுக்கு எதை எடுத்தாலும் கிரீன் கார்டு. அந்தம்மா சாப்பிட வேண்டாமா?"

"அதுக்கு அவர் நாலு பேர் மேல ஏத்திட்டுப் போகணுமா?"

இரண்டும் நியாயம்தான், அதுதான் கஷ்டம். தூக்கம் வரவில்லை. வாயை இறுக்கிக்கொண்டு படுத்திருக்கிற அந்த அம்மாளையும் நினைத்தேன், புல்லில் விழுந்த அம்மாளையும் நினைத்தேன்.

லைசென்ஸ் ஆபீஸில் அன்று நல்ல கூட்டம். அவர் கோட்டு போட்டுக்கொண்டு, தலை படிய வாரி, மேட்ச்சுக்குப் போகிறவர் மாதிரி வந்திருந்தார். என் முறை வந்தது. மிஷினில் நெற்றியை வைத்தேன். ஐந்தாவது வரிசையைப் படிக்கச் சொன்னார் கவுண்ட்டர் பெண். வி, டி, ஆர், கே, என். நல்ல தெளிவு, பெரிய பெரிய எழுத்து. படித்துவிட்டுத் திரும்பினேன்.

அவர் குனிந்த தலையோடு நின்றுகொண்டிருந்தார். காது மட்டும் என் பக்கம்.

வடை, தோசை, ரசம், கேசரி, நெய். நாக்கு நுனியில் இருந்தது. நான் சொன்னது வேறு. "மத்தியானத்துக்குத் தோசை, வடை, கேசரி, ரசம், சட்னி, அங்கிள்" என்றேன். குரல் எனக்கே யாருடையதோ மாதிரி கேட்டது. கவுண்ட்டர் பெண் நிமிர்ந்து, "உங்க வீட்டுல லஞ்ச் பலமா இருக்கும்போல" என்று சிரித்தார்.

அவர் ஒரு கணம் முகத்தை ஒருக்களித்து என்னைப் பார்த்தார். பிறகு போய் மிஷினில் நெற்றியை வைத்து, மைதானம் முழுக்கக் கேட்கட்டும் என்கிற குரலில், "டி, வி, கே, ஆர், சி" என்றார்.

அந்தப் பெண்ணுக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. "நிதானமா இன்னொரு தடவை படிங்க, சார்."

"டி, வி, கே, ஆர், சி" என்று அதே எழுத்துகளை அதே குரலில் சொன்னார். ஒன்றைக்கூட மாற்றிப் பார்க்கவில்லை. கண் டாக்டரிடம் எழுதி வாங்கி வர வேண்டும், அதுவரை ஓட்டக் கூடாது என்று ஒரு படிவம் கொடுத்தார்கள். பழைய லைசென்ஸை வாங்கி வைத்துக்கொண்டார்கள். இத்தனை வருடம் எத்தனையோ டீம் அனுப்பி வைத்தும் போகாதவர், படிவத்தை நான்காக மடித்துக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு பெஞ்சில் போய் உட்கார்ந்தார்.

எனக்கு ரோடு டெஸ்ட் இன்னும் பாக்கி. ஆபீசர் கூப்பிட்டபோதுதான் உறைத்தது. நான் தோற்றால் அவர் காரை வீட்டுக்கு எடுத்துப் போகவே எங்கள் இரண்டு பேரில் ஆள் கிடையாது, மத்தியானம் அந்த அம்மாளுக்குச் சோறும் கிடையாது. ஆனால் அன்றைக்கு லெஃப்ட் என்றால் லெஃப்ட், ரைட் என்றால் ரைட். எப்படி ஓட்டினேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. திரும்பி வந்து நிறுத்தியதும் ஆபீசர் தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

நேராக நர்சிங் ஹோமுக்கு ஓட்டினேன். வழியில் ஒரு சிக்னலிலும் அவர் கலர் கேட்கவில்லை. மன்னிச்சிடுங்க என்று சொல்ல இருபது முறை ஆரம்பித்திருப்பேன். பார்க்கிங்கில் வண்டியை நிறுத்திச் சாவியை நீட்டினேன். வாங்கிக்கொள்ளவில்லை.

"நாளைக்குப் பதினொண்ணேகாலுக்கு வண்டியை எடு. இன்னிக்கு லேட்டு" என்றார்.

கேட்கவில்லை, சொன்னார். பதினோரு பேரை வைத்து வேலை வாங்கிய குரல். நானும் சரி என்றுதான் சொன்னேன். வேறு என்ன சொல்வது?

ஒரு வருடமும் நாலு மாதமும் ஓட்டினேன். காய்ச்சலோடு ஓட்டினேன், வயிற்றில் என் மகளை வைத்துக்கொண்டு ஓட்டினேன், ஒரு தீபாவளி அன்று பட்டுப்புடவையோடு ஓட்டினேன். அந்த அம்மாள் கண்ணை மூடுகிற நாள் வரை ஒரு மத்தியானம்கூடப் பட்டினி கிடக்கவில்லை. நான் சொன்ன எழுத்துகள் தப்பு என்று தெரிந்தேதான் அவர் அவற்றைச் சொன்னாரா, என்னை நம்பிச் சொன்னாரா? தினமும் அரை மணி நேரம் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். கேட்டிருந்தால் மறைக்காமல் சொல்லியிருப்பார். அதனால்தான் நான் கேட்கவில்லை.